டிஸென்டிங், டிஸிடென்ட், அப்போஸ்டு, கான்ட்ரரி: ‘ஒத்துக்கொள்ளாத’ என்பதற்கு எந்த ஆங்கிலச் சொல்?

ஏழு பேர் கொண்ட ஒரு குழு. தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது. ஐந்து பேர் சரி என்கிறார்கள், இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டக் குறிப்பை ஆங்கிலத்தில் எழுத வேண்டியவர் அந்த இரண்டு பேரை எந்தச் சொல்லால் குறிப்பது? அகராதியைப் புரட்டினால் டிஸென்டிங், டிஸிடென்ட், அப்போஸ்டு, கான்ட்ரரி என்று வரிசையாக வந்து நிற்கும். தமிழ்ப் பொருளைப் பார்த்தால் நான்குக்கும் ஏறத்தாழ ஒரே பதில்தான்: மாறுபட்ட, எதிரான, இணங்காத. பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஏதோ ஒன்றைப் போட்டுவைத்தால், படிப்பவர் அந்த இரண்டு பேரையும் கலகக்காரர்கள் என்றோ வம்படி பிடிப்பவர்கள் என்றோ எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தக் குறிப்புக்கு டிஸென்டிங். ஆனால் அதே இரண்டு பேர் மறுநாள் நண்பரிடம் பேசும்போது தங்களை டிஸென்டிங் என்று சொல்லிக்கொண்டால் கேட்பவருக்குச் சிரிப்பு வரும். இடத்துக்கு இடம் சொல் மாறுகிறது. எப்படி மாறுகிறது என்பதற்குச் சில அளவுகோல்கள் இருக்கின்றன.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

எல்லாவற்றுக்கும் முதலில் பார்க்க வேண்டியது, மறுப்பவர் எங்கே நிற்கிறார் என்பது. குழுவுக்குள்ளேயே இருந்துகொண்டு, அதன் விதிகளை ஏற்றுக்கொண்டு, இந்த ஒரு முடிவை மட்டும் மறுக்கிறாரா? அல்லது அந்தக் குழுவையோ ஆட்சியையோ தலைமையையோ ஏற்காமல் விலகி நிற்கிறாரா? நான்கு சொற்களில் இரண்டைப் பிரிப்பதற்கு இந்த ஒரு கேள்வியே போதும்.

அடுத்தது, மறுப்பது ஆளா, கருத்தா? ஒரு மனிதரை வர்ணிக்கும்போது கண்ணியமாகத் தெரிகிற சொல், கருத்தின் மேல் போட்டால் அர்த்தமில்லாமல் போகலாம். தலைகீழாகவும் நடக்கும். கருத்துக்கு மிகப் பொருத்தமான ஒரு சொல்லை ஆளுக்குப் போட்டால் அது வசவாகிவிடுகிறது.

மூன்றாவது, வாக்கியத்தில் இடம். ஆங்கிலப் பெயரடைகள் எல்லாம் பெயருக்கு முன்னாலும் வினைக்குப் பின்னாலும் ஒரே மாதிரி உட்கார்வதில்லை. சில முன்னால் மட்டும் வசதியாக நிற்கும், சில பின்னால் மட்டும்.

கடைசியாக, கூடவே வரும் சின்னச் சொல்: டு, ஃப்ரம், வித். இதில் தவறினால் பெரிய சொல்லைச் சரியாகத் தேர்ந்தெடுத்த பெருமையெல்லாம் வீணாகும். சொல்லின் சூட்டையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம், அதாவது படிப்பவர் காதில் அது எவ்வளவு காரமாக விழுகிறது என்பதை.

| சொல் | எதற்குப் பொருந்தும் | எங்கே நிற்கும் | கூட வருவது | மறுபக்கத்தில் யார் | சூடு |
|---|---|---|---|---|---|
| டிஸென்டிங் | ஆள், வாக்கு, குரல், தீர்ப்பு | பெயருக்கு முன் | ஃப்ரம் (வினையாக வரும்போது) | பெரும்பான்மை | குறைவு |
| டிஸிடென்ட் | ஆள், குழு, இயக்கம் | பெயருக்கு முன் | பெரும்பாலும் இல்லை | அதிகாரம், தலைமை | அதிகம் |
| அப்போஸ்டு | ஆள், அமைப்பு | வினைக்குப் பின் | டு | ஒரு திட்டம், ஒரு யோசனை | நடுத்தரம் |
| கான்ட்ரரி | கருத்து, சான்று, கூற்று | இரண்டு இடத்திலும் | டு | இன்னொரு கூற்று | கருத்துக்குக் குறைவு, ஆளுக்கு அதிகம் |

அட்டவணை ஒரு பார்வைக்குத்தான். உள்ளே போனால் ஒவ்வொன்றுக்கும் தனிக்கதை இருக்கிறது.

## டிஸென்டிங்

இதன் வேர் லத்தீன். டிஸ் என்றால் விலகி, ஸென்டீரே என்றால் உணர்தல், எண்ணுதல். ‘வேறாக எண்ணுகிற’ என்பதுதான் பழைய பொருள். அஸென்ட், கன்ஸென்ட் இரண்டும் இதே வேரிலிருந்து வந்தவை. அவை ‘ஒத்து எண்ணுவது’, இது ‘ஒவ்வாமல் எண்ணுவது’. இந்தச் சொல்லுக்குள் கோபமோ கொடி பிடித்தலோ இல்லாததற்குக் காரணம் இதுதான். எண்ணம் வேறு, அவ்வளவே.

டிஸென்டிங் என்றால் எதிர்ப்பக்கத்தில் ஒரு பெரும்பான்மை இருந்தாக வேண்டும். இரண்டே பேர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் மறுத்தால் அவரை டிஸென்டிங் என்று சொல்வதில்லை. பலர் சேர்ந்து ஒரு முடிவுக்கு வர, அவர்களில் சிலர் ஒத்துக்கொள்ளாதபோதுதான் இது வேலைக்கு வருகிறது. அதனால் குழு, வாரியம், நீதிமன்ற அமர்வு ஆகிய இடங்கள் இதன் இயல்பான வீடு. டிஸென்டிங் வாய்ஸ், டிஸென்டிங் வோட், டிஸென்டிங் ஒபினியன் ஆகியவை ஏறத்தாழ நிலைத்துப்போன தொடர்கள்.

நீதிமன்றத்தில்தான் இந்தச் சொல்லின் முழு மரியாதையும் தெரியும். 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ப்ளெஸ்ஸி வழக்கில் ரயில் பெட்டிகளில் இனவாரியாகப் பிரித்து உட்காரவைப்பது செல்லும் என்று சொன்னபோது, ஜான் மார்ஷல் ஹார்லன் என்ற நீதிபதி மட்டும் மறுத்துத் தனியாக எழுதினார். 1954-இல் ப்ரௌன் வழக்கில் அதே நீதிமன்றம் பள்ளிகளில் இனப்பிரிப்பு செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இந்தியாவில், நெருக்கடி நிலையில் காவலில் வைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாட முடியுமா என்று கேட்ட 1976-இன் ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில் நான்கு நீதிபதிகளுக்கு எதிராக ஒருவராக நின்றவர் நீதிபதி எச்.ஆர். கன்னா. அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பை 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தவறென்று தள்ளியது. இந்த இருவரும் எழுதியவை டிஸென்டிங் ஒபினியன்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இருவரும் அமர்வை விட்டு வெளியேறிப் போய் மறுக்கவில்லை. ஹார்லன் அந்தத் தனித் தீர்ப்புக்குப் பிறகும், 1911-இல் இறக்கும் வரை அதே நீதிமன்றத்தில் இருந்தார். மன்றத்துக்குள் இருந்தபடியே, மன்றத்தின் நடைமுறைப்படியே மறுப்பது: டிஸென்டிங் என்ற சொல் இதைத்தான் சொல்கிறது. நம் செய்தித்தாள்கள் ‘மாறுபட்ட தீர்ப்பு’ என்று எழுதுவது இதற்குச் சரியான இணை.

இனி மறைவான செலவுகள். முதலாவது இலக்கணம். டிஸென்டிங் பெயருக்கு முன்னால்தான் வசதியாக உட்காரும். ‘தி மெம்பர்ஸ் வேர் டிஸென்டிங்’ என்று எழுதினால் இலக்கணப் பிழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் கல் தட்டுப்பட்ட மாதிரி இருக்கும். அங்கே ‘தி மெம்பர்ஸ் டிஸென்டட்’ என்று வினையாக்கிவிட வேண்டும். வினையாக்கினால் அடுத்து வருவது ஃப்ரம். டிஸென்ட் வித் என்று எழுதுவது டிஸக்ரீ வித் என்ற பழக்கத்தின் விளைவு. திருத்துபவர் கண்ணில் உடனே படும்.

இரண்டாவது செலவு எழுத்தில். மறுப்பைக் குறிக்கிற டிஸென்ட்டும், இறக்கம் அல்லது வம்சாவளியைக் குறிக்கிற டிஸென்ட்டும் உச்சரிப்பில் ஒன்றேதான். எழுத்தில் மட்டும் வேறு: மறுப்புக்கு இரண்டு எஸ், இறக்கத்துக்கு எஸ்ஸும் ஸியும். கணினியின் எழுத்துப்பிழை திருத்தி இரண்டையுமே சரி என்று விட்டுவிடும். ‘நோட் ஆஃப் டிஸென்ட்’ இறக்கத்தின் குறிப்பாக மாறிப்போகாமல் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நாகரிகமான என்று பொருள்படும் டீஸென்ட் வேறு சொல், வேறு உச்சரிப்பு. அதில் குழப்பம் வர அவசியமில்லை.

மூன்றாவது, பெரிய எழுத்து. இங்கிலாந்து வரலாற்றைப் பற்றிய நூலில் பெரிய டி போட்டு டிஸென்டிங் என்று வந்தால் அது பொதுவான மறுப்பாகாது. இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டு முறையை ஏற்க மறுத்த புராட்டஸ்டன்ட் பிரிவினரைக் குறிக்கிற தனிப்பெயர் அது. 1662-இன் சீர்மைச் சட்டத்துக்குப் பிறகு ஏறத்தாழ 2,000 போதகர்கள் பதவி இழந்தார்கள். 1689-இல்தான் அவர்களுடைய வழிபாட்டுக்குச் சட்ட அனுமதி கிடைத்தது. டிஸென்டிங் மினிஸ்டர், டிஸென்டிங் அகாடமி ஆகிய தொடர்களை மொழிபெயர்க்கும்போது ‘கருத்து வேறுபாடு கொண்ட அமைச்சர்’ என்று போட்டுவிட்டால் முழுக்கதையும் தடம் மாறிவிடும். அந்த மினிஸ்டர் போதகர்.

எப்போது இதுவே சிறந்தது? பதிவாக நிற்க வேண்டிய எழுத்தில், மறுப்பவரின் கண்ணியம் குறையக் கூடாது என்று நினைக்கும்போது. வேறு யோசனையே வேண்டாம்.

## டிஸிடென்ட்

கேட்க டிஸென்டிங்கின் தம்பி போலத் தோன்றும். வேர் வேறு. இதில் இருப்பது ஸெடேரே, அதாவது உட்கார்தல். ‘விலகிப் போய் உட்கார்ந்த’ என்பது மூலப்பொருள். இன்றைய பயன்பாட்டுக்கும் இது அப்படியே பொருந்துகிறது. டிஸென்டிங் ஆள் அதே மேசையில் உட்கார்ந்து மறுக்கிறார், டிஸிடென்ட் ஆள் மேசையை விட்டு எழுந்துவிட்டார்.

இந்தச் சொல்லை இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் உலகம் முழுக்கக் கொண்டுபோனது சோவியத் யூனியன் பற்றிய செய்திகள். ஆந்த்ரேய் சகாரவ் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சோவியத் ஹைட்ரஜன் குண்டை உருவாக்கியவர்களில் முதன்மையானவர், அரசின் செல்லப்பிள்ளையாக இருந்த இயற்பியலாளர். பிறகு அந்த அரசையே மனித உரிமைக்காக எதிர்த்தார். 1975-இல் அமைதிக்கான நோபல் பரிசு வந்தபோது வாங்கப் போக அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை, மனைவி யெலேனா போன்னர் போய் வாங்கினார். 1980-இல் கார்க்கி நகரத்துக்கு நாடு கடத்தலைப் போல அனுப்பிவைத்தார்கள். டிஸிடென்ட் என்று படித்ததும் ஆங்கில வாசகர் மனத்தில் எழுவது இந்த மாதிரி ஒரு வாழ்க்கை: கண்காணிப்பு, தடை, சிறை. பட்ஜெட்டில் ஒரு வரியை ஒத்துக்கொள்ளாத குழு உறுப்பினரின் தலையில் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா?

ஆனால் எல்லா இடத்திலும் இது புகழ்ச்சிச் சொல்லும் ஆகாது. வட அயர்லாந்தில் 1998-இன் பெல்ஃபாஸ்ட் அமைதி உடன்படிக்கையை ஏற்காமல் ஆயுதத்தைத் தொடர்ந்த ஐரிஷ் குடியரசுவாதக் குழுக்களையும் டிஸிடென்ட் ரிபப்ளிகன் என்றுதான் செய்திகள் சொல்கின்றன. ஒரே சொல் மாஸ்கோவில் எழுத்தாளருக்கு மாலையாகவும் பெல்ஃபாஸ்டில் குண்டு வைத்தவருக்குக் குற்ற அடையாளமாகவும் வருகிறது. சொல் தீர்ப்புச் சொல்வதில்லை. தலைமையிடமிருந்து பிரிந்து நிற்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறது.

இந்திய ஆங்கிலச் செய்தியில் இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. கட்சித் தலைமையோடு முறைத்துக்கொண்ட சட்டமன்ற உறுப்பினர்களை டிஸிடென்ட் என்பார்கள். தமிழ்ச் செய்தித்தாளில் இவர்கள்தான் ‘அதிருப்தி எம்.எல்.ஏ.க்கள்’. அதிருப்தி என்ற நம் சொல்லில் மனக்குறைதான் தெரிகிறது, பிரிந்து நிற்பது தெரியவில்லை. இருந்தாலும் பழகிவிட்ட சொல், செய்தியில் அதையே வைத்துக்கொள்ளலாம். சோவியத் எழுத்தாளர் ஒருவரை அதிருப்தி எழுத்தாளர் என்று மட்டும் மொழிபெயர்த்துவிடாதீர்கள். அவருக்குச் சம்பளத்தில் குறை என்பது போல இருக்கும்.

இரண்டு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்க்க அருமையான இடம் கம்பெனிச் சட்டம். டிஸென்டிங் ஷேர்ஹோல்டர் என்பவர், நிறுவனங்களை இணைக்கும் திட்டம் போன்ற ஒன்றை ஏற்காத பங்குதாரர். ‘இந்த இணைப்பு எனக்கு வேண்டாம்’ என்று மறுத்து, பல நாட்டுச் சட்டங்களில் தன் பங்குக்கு நியாயமான விலை கேட்கும் உரிமை உள்ளவர். டிஸிடென்ட் ஷேர்ஹோல்டர் வேறு ஆள். இயக்குநர் குழுவே சரியில்லை, அதை மாற்ற வேண்டும் என்று மற்றப் பங்குதாரர்களிடம் வாக்குத் திரட்டுபவர். அமெரிக்கப் பங்குச் சந்தைச் செய்திகளில் இவர் நிறுத்துகிற மாற்று வேட்பாளர் பட்டியலுக்கு டிஸிடென்ட் ஸ்லேட் என்றே பெயர். ஒருவர் முடிவை மறுக்கிறார், மற்றவர் முடிவெடுப்பவர்களையே மறுக்கிறார். நிதித் துறை மொழிபெயர்ப்பில் இந்த இரண்டையும் ‘எதிர்ப்புப் பங்குதாரர்’ என்று ஒரே கூடையில் போட்டால் படிப்பவருக்கு உண்மையிலேயே பண நட்டம் வரக்கூடும்.

டிஸிடென்ட் பொருந்துவது, மறுப்பவர் ஓர் அதிகாரத்தை ஏற்கவில்லை, அதற்கு விலை கொடுக்கிறார் அல்லது கொடுக்கத் துணிந்திருக்கிறார் என்று காட்ட வேண்டியபோது. அப்படி ஒன்றும் இல்லையென்றால் ஒதுங்கிவிடுங்கள்.

## அப்போஸ்டு

அன்றாடத்துக்கு ஏற்ற சொல் இதுதான். பெரும்பான்மை, சிறுபான்மை எதுவும் தேவையில்லை. மறுபக்கத்தில் ஒரு யோசனை இருந்தால் போதும். ‘ஐ ஆம் அப்போஸ்டு டு திஸ் ப்ளான்’ என்றால் அந்தத் திட்டம் வேண்டாம் என்று நான் சொல்கிறேன். எவ்வளவு வேண்டாம் என்பதைக் கூட்டவும் குறைக்கவும் வசதி உண்டு: ஸ்ட்ராங்லி, ஃபர்ம்லி என்று முன்னால் ஒன்றைச் சேர்த்தால் சரி. டிஸென்டிங்குக்கு இந்த வசதி இல்லை. ‘ஸ்ட்ராங்லி டிஸென்டிங்’ ஒட்டாது.

இதன் தொல்லை இரண்டு இடத்தில். ஒன்று, டு-வுக்குப் பிறகு வினை வந்தால் அது இங் வடிவத்தில் வர வேண்டும். ‘அப்போஸ்டு டு ரெய்ஸிங் தி ஃபீ’ சரி, ‘அப்போஸ்டு டு ரெய்ஸ்’ தவறு. டு-வைக் கண்டதும் அடுத்து வெறும் வினையைப் போடுவது கையின் பழக்கம். இங்கே அந்த டு வேறு வகை. இன்னொன்று, ‘அஸ் அப்போஸ்டு டு’ என்ற தொடர். அதில் எதிர்ப்பே கிடையாது. ‘ட்ரெயின் அஸ் அப்போஸ்டு டு பஸ்’ என்றால் பஸ்ஸை அல்லாமல் ரயிலை என்று பொருள், பஸ்ஸின் மேல் யாருக்கும் கோபம் இல்லை. மொழிபெயர்ப்பில் ‘பேருந்துக்கு எதிராக ரயில்’ என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். ரயிலும் பேருந்தும் மோதிக்கொண்டதோ என்று நினைக்கவைக்கும் வாக்கியம் அது.

பெயருக்கு முன்னால் போட வேண்டுமென்றால் இதன் உருவம் மாறும்: அப்போஸிங் வ்யூஸ், அப்போஸிங் டீம். விதிவிலக்காக ‘டயமெட்ரிகலி’ என்ற சொல் துணைக்கு வந்தால் அப்போஸ்டே முன்னாலும் நிற்கும். இருவரின் கருத்தும் வடதுருவம், தென்துருவம் என்று இருக்கும்போது அந்தத் தொடர்.

சூடு பற்றி ஒரு வார்த்தை. அப்போஸ்டு என்று சொன்னால் நீங்கள் ஒரு பக்கம் எடுத்துவிட்டீர்கள். சந்தேகம் மட்டும் இருக்கும்போது, இன்னும் கேள்வி கேட்கும் கட்டத்தில் இருக்கும்போது இதைப் பயன்படுத்தினால் பின்வாங்குவது கடினம். ‘நான் எதிர்ப்பாளன்’ என்று பெயர் பதிந்துவிடும்.

## கான்ட்ரரி

இது கருத்துக்குரிய சொல். எ கான்ட்ரரி வ்யூ, கான்ட்ரரி எவிடன்ஸ், கான்ட்ரரி டு பாப்புலர் பிலீஃப். ஒரு கூற்று இன்னொரு கூற்றுக்கு எதிர்த்திசையில் போகிறது, அவ்வளவுதான். ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கருத்தை மட்டும் எதிர்த்து வைக்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட வசதியான சொல் கிடையாது. ஆய்வுக் கட்டுரையிலும் வழக்கறிஞர் வாதத்திலும் இது அடிக்கடி வருவது அதனால்தான்.

ஆனால் ஆளுக்குப் போட்டால் வேறு பொருள். கருத்தைச் சொல்லும்போது அழுத்தம் முதல் அசையில்: கான்-ட்ரரி. ஆளைச் சொல்லும்போது அழுத்தம் நடு அசைக்கு நகர்ந்து கன்-ட்ரேரி ஆகிவிடும். பொருளும் மாறும்: எது சொன்னாலும் நேர்மாறாகச் செய்கிற, வேண்டுமென்றே முரண்டு பிடிக்கிற ஆள். ‘மேரி, மேரி, க்வைட் கான்ட்ரரி’ என்ற குழந்தைப் பாட்டில் வருவது இந்த இரண்டாவது உச்சரிப்புதான். ஒரு சக ஊழியரை ‘கான்ட்ரரி’ என்று மின்னஞ்சலில் எழுதினால், எழுத்தில் அழுத்தம் தெரியாததால், அவர் எந்தப் பொருளில் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் மோசமானதைத்தான் எடுத்துக்கொள்வார்.

தர்க்கவியல் படித்தவர்கள் முன்னால் இன்னொரு கவனம் வேண்டும். அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே கான்ட்ரரி வேறு, கான்ட்ரடிக்டரி வேறு. ‘எல்லா அன்னங்களும் வெள்ளை’, ‘எந்த அன்னமும் வெள்ளையில்லை’: இவை கான்ட்ரரி. இரண்டும் சேர்ந்து உண்மையாக முடியாது, ஆனால் இரண்டும் சேர்ந்து பொய்யாக முடியும். ‘எல்லா அன்னங்களும் வெள்ளை’, ‘சில அன்னங்கள் வெள்ளையில்லை’: இவை கான்ட்ரடிக்டரி. ஒன்று உண்மையென்றால் மற்றது பொய்யாகத்தான் வேண்டும், நடுவில் வழியே இல்லை. பொதுவான எழுத்தில் இந்த நுணுக்கத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

எதிர்பார்ப்பது ‘ஆன் தி கான்ட்ரரி’யைச் சரியாகப் போடுவதை. அது முன்னால் சொன்னதை அடியோடு மறுக்க மட்டுமே. ‘அவர் சோம்பேறியா? ஆன் தி கான்ட்ரரி, இரவும் பகலும் உழைக்கிறார்.’ இது சரி. ‘அண்ணன் உயரம், ஆன் தி கான்ட்ரரி தம்பி குள்ளம்’ என்றால் தவறு. அங்கே மறுக்க ஒன்றுமில்லை, ஒப்பிடத்தான் இருக்கிறது. அதற்கு ‘பை கான்ட்ராஸ்ட்’ போதும்.

## அந்த ஏழு பேர் குழுவிலேயே வைத்துப் பார்த்தால்

‘இரண்டு உறுப்பினர்கள்’ என்ற இடத்தில் ஒவ்வொரு சொல்லையும் போட்டு, படிப்பவர் என்ன நினைப்பார் என்று பார்க்கலாம்.

‘தி டூ டிஸென்டிங் மெம்பர்ஸ்’ என்றால் வாக்கெடுப்பு நடந்தது, இவர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள், இப்போதும் குழுவில் இருக்கிறார்கள். அவ்வளவும் நான்கு சொல்லில் வந்துவிடுகிறது.

‘தி டூ டிஸிடென்ட் மெம்பர்ஸ்’ என்றால் குழுவுக்குள் ஏதோ பிளவு. தலைவரோடு இவர்களுக்கு ஆகவில்லை. இந்தத் தீர்மானம் ஒரு சாக்குதான், சண்டை பழையது. குறிப்பெழுதியவர் தலைவர் பக்கம் போலிருக்கிறது என்ற சந்தேகமும் சேர்ந்தே வரும்.

‘தி டூ மெம்பர்ஸ் அப்போஸ்டு டு தி ரெஸல்யூஷன்’ என்றால் இந்தத் தீர்மானத்தை வேண்டாம் என்றார்கள். வாக்கெடுப்பு நடந்ததா என்பது தெரியாது. விவாதத்தின் தொடக்கத்திலேயே இப்படி எழுதலாம், முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

‘தி டூ கான்ட்ரரி மெம்பர்ஸ்’ என்று எழுதினால் அடுத்த கூட்டத்தில் குறிப்பெழுத வேறு ஆளைத் தேடுவார்கள்.

## பட்டியலில் வராதவை

டிஸக்ரியபிள் என்ற சொல்லைத்தான் முதலில் விலக்கிவைக்க வேண்டும். டிஸக்ரீ என்பதிலிருந்து வந்ததாகத் தெரிவதால் ‘ஒத்துக்கொள்ளாத’ என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அதன் பொருள் இனிமையற்ற, சிடுசிடுப்பான, சகிக்க முடியாத. ‘டிஸக்ரியபிள் மெம்பர்’ என்றால் உறுப்பினரின் கருத்தைப் பற்றியே பேச்சில்லை, குணத்தைத் திட்டுகிறோம். வேடிக்கை என்னவென்றால், அக்ரியபிள் மட்டும் ‘சம்மதம்’ என்ற பொருளிலும் ஒழுங்காக வரும். ‘ஐ ஆம் அக்ரியபிள் டு தட்’ என்றால் எனக்குச் சம்மதம். இணை இப்படி நடந்துகொள்வதால்தான் எதிர்ச்சொல்லும் அப்படியே இருக்கும் என்று நம்பி ஏமாறுகிறோம்.

அவெர்ஸ், அட்வெர்ஸ் இரண்டும் இரட்டைத் தொல்லை. அவெர்ஸ் ஆளின் மனம்: ‘அவெர்ஸ் டு ரிஸ்க்’ என்றால் அபாயம் பிடிக்காதவர். அது மறுப்பைவிட வெறுப்புக்கு நெருக்கம். அட்வெர்ஸ் விளைவுக்கும் சூழலுக்கும்: அட்வெர்ஸ் எஃபெக்ட், அட்வெர்ஸ் வெதர். ‘நாட் அவெர்ஸ் டு’ என்று வந்தால் ‘வேண்டாம் என்று சொல்ல மாட்டார்’ என்ற நமுட்டுச் சிரிப்பும் அதில் உண்டு.

டிஸென்ஷியன்ட் என்று ஒன்று இருக்கிறது. பொருளில் டிஸென்டிங்தான், இன்று பிரிட்டிஷ் நடைமுறை எழுத்துக்கு வெளியே அரிது. 1886-இல் அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரும் மசோதாவை எதிர்த்து, அதைக் கொண்டுவந்த பிரிட்டிஷ் பிரதமர் க்ளாட்ஸ்டனிடமிருந்து பிரிந்த லிபரல் கட்சிக்காரர்களை டிஸென்ஷியன்ட் லிபரல்ஸ் என்றார்கள். பழைய ஆவணம் படிக்கும்போது தெரிந்திருந்தால் போதும், நாம் எழுத வேண்டியதில்லை. டிஸ்கார்டன்ட் இசைக்கும் சூழலுக்கும் உரியது. ஒருவர் ‘டிஸ்கார்டன்ட் நோட்’ எழுப்பினார் என்றால் எல்லோரும் ஒத்துப்போகும் இடத்தில் அவர் குரல் உறுத்தியது என்று பொருள், அவர் சொன்னது சரியா தவறா என்பது அதில் இல்லை. கான்ட்ரேரியன் என்பது ஊரே ஒரு பக்கம் போனால் மறுபக்கம் போவதைப் பழக்கமாகவே வைத்திருப்பவருக்கு. முதலீட்டு உலகில் அது பாராட்டாகக்கூட வரும், குடும்பத்துக்குள் வராது.

## பெயரடையே வேண்டாத இடம்

இவ்வளவு தூரம் வந்த பிறகு இதைச் சொல்வது கொஞ்சம் அநியாயம்தான், ஆனாலும் சொல்ல வேண்டும். அன்றாடப் பேச்சிலும் மின்னஞ்சலிலும் மேற்சொன்ன நான்கும் பெரும்பாலும் தேவைப்படாது. டிஸக்ரீ என்ற வினையே போதும். ஆளோடும் கருத்தோடும் வித், விஷயத்துக்கு ஆன் அல்லது அபௌட். ‘ஐ டிஸக்ரீ வித் யூ ஆன் தி டேட்’ என்றால் தேதி விஷயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. ‘டிஸக்ரீ டு’ என்று ஒன்று கிடையாது. அக்ரீ டு இருப்பதால் அதுவும் இருக்கும் என்று கை தானாகப் போகும், நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘ஐ ஆம் நாட் அக்ரீ’ என்று ஆம் சேர்ப்பதும் இதே குடும்பத்துப் பிழை. அக்ரீ ஏற்கெனவே வினை, அதற்கு இன்னொரு வினை தேவையில்லை.

மேலதிகாரிக்கு எழுதும்போது டிஸக்ரீயும் சற்று மொட்டையாகத் தெரிந்தால், ஆளைத் தொடாமல் விஷயத்தைத் தொடுகிற வழி இருக்கிறது: ‘ஐ ஸீ இட் டிஃபரன்ட்லி’. நான் வேறு மாதிரி பார்க்கிறேன் என்பதுதான். அதற்குப் பிறகு ஏன் என்ற காரணம் உடனே வந்துவிட வேண்டும். காரணம் இல்லாமல் அந்த வாக்கியத்தோடு நிறுத்தினால், அப்போஸ்டு என்று நேராகச் சொல்லியிருப்பதைவிட அது மோசமாகப் படும்.